இரட்டை முறைக் கைபேசியின் திறன் பெருக்கி: விடியற்காலையில் அணைந்துபோகும் கைபேசியும் அதன் காரணமும்

கோத்தகிரிப் பணிமனை எழுதியது:

வணக்கம். கோத்தகிரியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. பேட்டரியில் முப்பது விழுக்காடு இருக்கும்போதே, விடியற்காலையில் யாரையாவது அழைத்தால் எதிர்முனையில் மணி ஒலிக்கும் முன்பே கைபேசி அணைந்துவிடுகிறது. அதே கைபேசியில் இணையம் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. இப்படி வருபவை எல்லாமே 2ஜி, 4ஜி இரண்டிலும் இயங்கி, அழைப்பு என்றவுடன் 2ஜிக்கு இறங்கிவிடும் வகையைச் சேர்ந்தவை.

ஆண்டெனாவுக்குப் போகும் அலையைப் பெருக்கும் சில்லான பிஏ ஐசிதான் பழுது என்று எண்ணி, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் கைபேசியில் அதை இரண்டு முறை மாற்றினேன். ஃப்ளக்ஸ் தடவி, ஹாட் ஏரில் எடுத்து, பேடுகளில் இருந்த பழைய ஈயத்தை வழித்து, புதியதை உட்காரவைத்து, மேசையில் அரை மணி நேரம் பேசியும் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் காலையே அது மீண்டும் அணைந்தது. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் காரணம் தெரியாமல் ஒரு பொருளை இரண்டு முறை சூடாக்கினோமே என்பது மனத்தை உறுத்துகிறது. 2ஜியில் மட்டும் ஏன் இப்படி நடக்கிறது? இரண்டு முறைகளுக்கும் ஒரே மாதிரியான பெருக்கியை ஏன் வைப்பதில்லை? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குன்னூர் விரிவுரையாளர் எழுதியது:

ஐயா, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், முதலாவதற்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஜிஎஸ்எம் எனப்படும் 2ஜியில் அலையின் வீச்சு மாறுவதில்லை; செய்தி முழுவதும் கட்டத்தில்தான் (ஃபேஸ், அலை எந்த நேரத்தில் ஏறி இறங்குகிறது என்பதில்) ஏறுகிறது. வீச்சு மாறாத அலையைப் பெருக்குவதற்கு நேரியல்பு (உள்ளே வரும் வீச்சை அதே விகிதத்தில் வெளியே தரும் பண்பு) தேவையில்லை என்பதால், பெருக்கியை, அதற்கு மேல் வீச்சு ஏறாத தெவிட்டு நிலை வரை ஓட்டி, பேட்டரியிலிருந்து எடுப்பதில் பாதிக்கும் மேலானதை அலையாக மாற்றிவிடலாம். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் கைபேசி அனுப்பக்கூடிய உச்சத் திறன் 2 வாட். ஆனால் அது தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. 4.615 மில்லிநொடி நீளமுள்ள ஒவ்வொரு காலச் சட்டத்திலும் (ஃபிரேம்) எட்டில் ஒரு பங்கான 577 மைக்ரோநொடி மட்டும் அனுப்பிவிட்டு ஓய்கிறது. வானொலிப் பெட்டியின் பக்கத்தில் 2ஜி கைபேசியை வைத்தால் கேட்கும் ‘டர்ர் டர்ர்’ ஒலி, நொடிக்கு 217 முறை வரும் இந்தத் துடிப்பின் ஒலியே.

3ஜி, 4ஜி முறைகளில் அலையின் வீச்சே ஏறி இறங்குகிறது. 3ஜியின் டபிள்யூசிடிஎம்ஏ முறையில் உச்சம் சராசரியைவிடச் சுமார் மூன்றரை டெசிபெல் (திறனில் இரண்டேகால் மடங்கு) உயரம்; 4ஜியில் இன்னும் கூடுதல். அந்த உச்சங்கள் நசுங்கினால் அலை பக்கத்துத் தடத்தில் கசியும். அடுத்த தடத்தில் கசிவது நம் அலையைவிடக் குறைந்தது 33 டெசிபெல் கீழே இருக்கவேண்டும் என்பது 3ஜி விதி. எனவே பெருக்கியை உச்சத்துக்குக் கீழே தணித்து ஓட்டவேண்டியிருக்கிறது. அப்படித் தணிக்கும்போது பயனுறுதிறன், அதாவது பேட்டரியிலிருந்து எடுப்பதில் அலையாக மாறும் பங்கு, சரிகிறது.

இதை எண்களில் பார்த்தால்தான் முரண்பாடு தெளிவாகும். பேட்டரி 3.5 வோல்ட் என்று கொள்வோம். ஆண்டெனாவில் 2 வாட் வேண்டுமானால், இடையிலுள்ள சுவிட்ச், வடிகட்டி இழப்புகளையும் சேர்த்துப் பெருக்கி 3 வாட் தரவேண்டும். வோல்ட்டின் வர்க்கத்தை இருமடங்குத் திறனால் வகுத்தால் பெருக்கி தன் எதிரே காணவேண்டிய மின்தடை, அதாவது சுமை, கிடைக்கும். அது ஏறக்குறைய 2 ஓம். 3ஜிக்கு, அனுப்பும் அலையையும் பெறும் அலையையும் பிரிக்கும் டூப்ளெக்ஸரின் இழப்பையும் சேர்த்துப் பெருக்கியின் வாயிலில் சராசரி அரை வாட் போதும், உச்சம் 1.1 வாட்டைத் தொடும். அதற்குரிய சுமை ஐந்தரை ஓம். ஆண்டெனா பக்கம் இருப்பதோ 50 ஓம். நடுவில் உள்ள பொருத்தச் சுற்று ஒன்றே ஒன்று என்றால், அது 50 ஓமை இரண்டாகக் காட்டவேண்டுமா, ஐந்தரையாகக் காட்டவேண்டுமா?

இரண்டாகக் காட்டினால், குறையற்ற வகுப்பு-பி பெருக்கியில்கூட (அலையின் பாதிச் சுற்றில் மட்டும் மின்னோட்டம் இழுப்பது) 3ஜி சராசரியில் பயனுறுதிறன் 32 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஐந்தரையாகக் காட்டினால் அதே 3ஜியில் 53 விழுக்காடு கிடைக்கும். ஆனால் 2ஜி ஒரு வாட்டுக்குச் சற்று மேலே போனதும் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

கீழ்க்கோத்தகிரி மாணவி எழுதியது:

ஐயா, இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இந்தத் தலைப்பையே எடுத்திருக்கிறேன். தணிப்பு என்று நீங்கள் சொல்வது எல்லா வகைப் பெருக்கிகளிலும் ஒரே அளவு கேடு செய்யுமா? சுற்று முழுவதும் மின்னோட்டம் இழுக்கும் வகுப்பு-ஏ பெருக்கியில் இன்னும் மோசம் என்று படித்திருக்கிறேன்.

குன்னூர் விரிவுரையாளர் எழுதியது:

சரியாகவே படித்திருக்கிறீர்கள், அம்மா. வகுப்பு-பியில் பயனுறுதிறன் வீச்சின் விகிதத்தில் குறையும், உச்சத்தில் 78.5 விழுக்காடு என்றால், 10 டெசிபெல் கீழே சுமார் 25. வகுப்பு-ஏயில் அது திறனின் விகிதத்தில் குறையும். உச்சத்தில் 50 விழுக்காடு, 10 டெசிபெல் கீழே 5 விழுக்காடு. கைபேசியில் இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வகுப்பு-ஏபி. நேரியல்பு வேண்டுமென்று ஓய்வு மின்னோட்டத்தை (அலை இல்லாதபோதும் பெருக்கி இழுப்பதை) கூட்டக் கூட்ட, அது ஏயின் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

உதகை முன்னாள் வடிவமைப்பாளர் எழுதியது:

பெங்களூரில் கைபேசியின் ரேடியோ பகுதியை வடிவமைக்கும் பணியில் இருந்து ஓய்வுபெற்று, இப்போது உதகையில் இருக்கிறேன். விரிவுரையாளர் ஐயா சொன்ன கணக்குச் சரி. அதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. இளம் பொறியாளர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

உச்சத் திறனில் எத்தனை விழுக்காடு என்பது தரவுத்தாளின் முதல் பக்கத்தில் வரும் எண். பேட்டரியைத் தின்பது அந்த எண் அன்று. அமெரிக்காவில் ஆம்ப்ஸ் என்ற பழைய அனலாக் முறையையும் சிடிஎம்ஏ என்ற டிஜிட்டல் முறையையும் ஒன்றாகத் தாங்கிய கைபேசிகளுக்கும் இரட்டை முறைக் கைபேசி என்ற சொல் வழங்கியது. ஆம்ப்ஸ் வீச்சு மாறாத எஃப்எம். சிடிஎம்ஏ வீச்சு மாறும் அலை. இன்று நாம் பேசும் அதே முடிச்சு அன்றே இருந்தது. சிடிஎம்ஏ டவர் நொடிக்கு 800 முறை ‘கூட்டு, குறை’ என்று கட்டளை இட்டது. டபிள்யூசிடிஎம்ஏவில் அது 1500 முறை. அதன் விளைவாக, நகரத்தில் அந்தக் கைபேசிகள் உச்சத்துக்கு வெகு கீழேயே பெரும்பாலான நேரம் இருந்தன. அங்கே பெருக்கி அனுப்புவது சில மில்லிவாட். ஓய்வு மின்னோட்டம் 80 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லிவாட் அனுப்ப 280 மில்லிவாட் செலவாகிறது. மூன்றரை விழுக்காடு. உச்சத்தில் ஐந்து விழுக்காட்டைக் கூட்ட ஆறு மாதம் உழைத்த குழுக்களை நான் அறிவேன். அந்த உழைப்பில் பாதியைக் கீழ்நிலையில் போட்டிருந்தால் பேசும் நேரம் கூடியிருக்கும்.

ஆகையால்தான் பெருக்கிகளில் உயர்நிலை, தாழ்நிலை என்று இரண்டு பாதைகள் வந்தன. வழக்கமாக 16 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டுக்கு மேல் 16 டெசிபெல், சுமார் 40 மில்லிவாட்) அருகில் பாதை மாறும். தாழ்நிலையில் பெரிய இறுதிக்கட்ட டிரான்சிஸ்டர் முற்றிலும் அணைந்து, சிறிய டிரான்சிஸ்டர் மட்டும் தனக்கேற்ற உயர்ந்த சுமையைக் கண்டு வேலை செய்யும். வரைபடத்தில் இது எளிதாகத் தெரியும். பாதை மாறும் அந்தக் கணத்தில் வீச்சும் கட்டமும் துள்ளாமல் பார்த்துக்கொள்வதில்தான் தூக்கம் போகும்.

இப்போது பணிமனை ஐயாவுக்கு. அந்தக் கைபேசியை மேசையில் சோதித்தபோது, பேட்டரியைக் கழற்றிவிட்டு டிசி சப்ளையில்தானே ஓட்டினீர்கள்? உங்கள் கடை கோத்தகிரிக் கடைவீதியில், டவருக்கு அருகில்தானே இருக்கிறது?

கோத்தகிரிப் பணிமனை எழுதியது:

ஆம் ஐயா, இரண்டும் உண்மை. சப்ளை 4 வோல்ட்டில் வைத்திருந்தேன். ஆம்பியர் காட்டியில் கால் ஆம்பியருக்கு மேல் ஏறவே இல்லை. ஐசி நன்றாக இருக்கிறது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

உதகை முன்னாள் வடிவமைப்பாளர் எழுதியது:

அந்தக் காட்டி சராசரியைத்தான் காட்டும். 3 வாட்டைப் பாதிப் பயனுறுதிறனில் தரும் பெருக்கி, துடிப்பின்போது 1.7 ஆம்பியர் இழுக்கிறது. எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே இழுப்பதால் காட்டியில் அது 0.2 ஆம்பியராகப் படுத்துவிடுகிறது. டவர் அருகில் இருந்தால் துடிப்பே சிறியது. அப்போது அந்தக் காட்டி இன்னும் குறைவாகவே காட்டும்.

இப்போது அந்தத் தொழிலாளியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். பள்ளத்தில் லைன் வீடு. டவர் மேட்டுக்கு அப்பால். கைபேசி முழு 2 வாட்டில் நிற்கிறது. வெளியே உறைபனி, இரவு முழுவதும் சன்னல் ஓரத்தில் கிடந்த பேட்டரி குளிர்ந்துபோயிருக்கிறது. லித்தியம் பேட்டரியின் உள்தடை குளிரில் பலமடங்கு ஏறும். பழைய பேட்டரி என்றால் சொல்லவே வேண்டாம். உள்தடை 0.15 ஓம் ஆக இருந்தபோது 1.7 ஆம்பியர் கால் வோல்ட்டைத்தான் விழுங்கியது. அது 0.4 ஓம் ஆகிவிட்டால் 0.68 வோல்ட் விழும். முப்பது விழுக்காட்டில் 3.7 வோல்ட் காட்டும் பேட்டரி, துடிப்பு வரும் ஒவ்வொரு 577 மைக்ரோநொடியிலும் 3.02க்குச் சரிகிறது. மின் மேலாண்மைச் சில்லு அதைப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கைபேசியை அணைத்துவிடும். 4ஜியில் அனுப்பும் உச்சம் 200 மில்லிவாட் மட்டுமே என்பதால், இழுப்பும் சில நூறு மில்லியாம்பியருக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் இணையம் ஓடியது, அழைப்பு ஓடவில்லை.

நீங்கள் மாற்றிய இரண்டு ஐசிகளும் குற்றமற்றவை. பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பெருக்கிக்கு மின்சாரம் தரும் தடத்தில் உள்ள பெரிய மின்தேக்கியையும் அளந்து பாருங்கள்; துடிப்பின் முதல் அடியைத் தாங்குவது அதுதான்.

கூடலூர் வாசகர் எழுதியது:

குளிர் என்கிறீர்கள். எங்கள் பக்கம் மூடுபனி இறங்கினாலே சிக்னல் போய்விடுகிறது. பனி அலையை விழுங்குவதால்தானே கைபேசி அதிகத் திறனில் அனுப்பவேண்டியிருக்கிறது?

குன்னூர் விரிவுரையாளர் எழுதியது:

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் 900 முதல் 2100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கு மூடுபனியின் நுண்துளிகள் ஒரு பொருட்டே அல்ல. அலைநீளம் ஏறக்குறைய பதினான்கு முதல் முப்பத்துமூன்று சென்டிமீட்டர். துளியோ அதற்கு முன் தூசு. நனைந்த இலைகள் அடர்ந்த மரக்கூட்டம் ஓரளவு உறிஞ்சும். மழைக்காலத்தில் மின்தடையால் டவரே நின்றுவிடுவதும் உண்டு. அதற்கும் மேலாக, மலையில் நம்மைத் தண்டிப்பது மேட்டின் விளிம்புதான். அதைச் சுற்றி வளைந்து பள்ளத்துக்குள் வரும் அலை மிகவும் மெலிந்துவிடுகிறது.

கீழ்க்கோத்தகிரி மாணவி எழுதியது:

இதை நான் நேரில் பார்த்தேன். என் தாத்தாவின் பழைய நோக்கியா கைபேசியில், அனுப்பும் திறன் நிலையைக் காட்டும் மறைந்த சோதனைத் திரை ஒன்று இருக்கிறது. ஜிஎஸ்எம் 900இல் நிலை 5 என்றால் 33 டிபிஎம், அதாவது முழு 2 வாட். எண் ஒன்று கூடினால் திறன் 2 டெசிபெல் குறையும். நிலை 19 என்றால் 5 டிபிஎம். எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து டவர் ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. நடுவில் ஒரு தேயிலை மேடு மட்டும் இருக்கிறது. அம்மாவை அழைத்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் திரையில் 5 என்றே நின்றது, ஒருமுறைகூட அசையவில்லை. அடுத்த நாள் கோடநாடு காட்சிமுனைக்குப் போனேன். கீழே மாயாற்றுப் பள்ளமும் தெங்குமரஹாடாவும் தெரிய, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. அங்கே கைபேசி பிடித்திருந்தது அருகிலுள்ள டவர் அன்று. கீழேயுள்ள ஏதோ ஒரு தொலைதூர டவர். அழைத்த சில நொடிகளில் எண் 5இலிருந்து படிப்படியாக ஏறி 15இல் போய் நின்றது. ஒரு கிலோமீட்டருக்கு 2 வாட். அத்தனை தூரத்துக்கு 20 மில்லிவாட். ஐயா, இது எப்படி?

குன்னூர் விரிவுரையாளர் எழுதியது:

அருமையான அளவீடு. நேர்ப்பார்வை இருந்தால் 900 மெகாஹெர்ட்ஸில் 20 கிலோமீட்டருக்கான இழப்பு 117.5 டெசிபெல்தான். 33 டிபிஎம் அனுப்பினால், டவரின் ஆண்டெனா ஆதாயத்தைச் சேர்க்காமலேயே −84.5 டிபிஎம் போய்ச்சேரும். டவருக்குத் தேவையானது −104. பத்தொன்பது டெசிபெல் மிச்சம். ஆகவே டவர் கைபேசியை அடக்கச் சொல்கிறது. ஜிஎஸ்எம் டவரின் எல்லை 35 கிலோமீட்டர் என்பது அலை போய்ச்சேர ஆகும் நேரத்தின் கணக்கால் வரும் எல்லை. கோடநாட்டு விளிம்பில் நிற்பவருக்குத் திறன் ஒரு தடையே அல்ல.

உதகை முன்னாள் வடிவமைப்பாளர் எழுதியது:

அம்மா, உங்கள் திட்டப்பணியின் மையமே இதுதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாங்கள் வடிவமைத்தபோது கைபேசி எந்தெந்தத் திறனில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதற்கு நகரத்தையும் புறநகரையும் வைத்து எடுத்த பரவல் வரைபடம் ஒன்றை முன்னால் வைத்துக்கொள்வோம். அதில் ஒரே கூம்பு, கீழ்நிலைப் பக்கம் சாய்ந்து நிற்கும். நீங்கள் திண்ணையிலும் காட்சிமுனையிலும் பார்த்தது இரண்டு கூம்புகள். ஒன்று உச்சத்தில் ஒட்டிக்கொண்டு, மற்றொன்று வெகு கீழே. நடுவில் மெலிவு. இங்கே வாழும் கைபேசிக்கு உச்சத்துப் பயனுறுதிறனும் வேண்டும், தாழ்நிலைப் பாதையும் வேண்டும். 16 டிபிஎம்மில் பாதை மாறும் தடுமாற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகக் கவலைப்படலாம்.

குன்னூர் விரிவுரையாளர் எழுதியது:

இதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தனித்தனிப் பாதைகளும் சுவிட்ச்களும் இனி எதற்கு? சுமையை 2 ஓமிலேயே நிலையாக வைத்துவிட்டு, மின்வழங்கலை டிசி-டிசி மாற்றியால் ஏற்றி இறக்கலாமே. 3ஜியின் 1.1 வாட் உச்சத்துக்கு 2 ஓமில் 2.1 வோல்ட் போதும். அந்த வோல்ட்டை மட்டும் கொடுத்தால் பெருக்கி மீண்டும் தன் உச்சத்திலேயே இயங்குகிறது. 53 விழுக்காடு திரும்பி வருகிறது. அலையின் வீச்சு ஏறி இறங்கும் கோடான உறையின் ஒவ்வொரு அசைவையும் பின்தொடர்ந்து வோல்ட்டை மாற்றும் சில்லுகளைக் குவால்காம் நிறுவனம் 2013இலேயே கைபேசிக்குள் கொண்டுவந்துவிட்டது. இரண்டு பெருக்கிகளைச் சேர்த்துச் சுமையை மாற்றும் அமைப்பாக டோஹர்ட்டி என்ற பொறியாளர் 1936இல் ஒலிபரப்பு நிலையங்களுக்குச் செய்ததைக் கைபேசியில் கால்-அலைக் கம்பிகளோடு திணிப்பதைவிட இது நேர்வழி.

உதகை முன்னாள் வடிவமைப்பாளர் எழுதியது:

நேர்வழிதான், ஆனால் இலவச வழி அன்று. டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்தாலும் அதன் குறுக்கே 0.4 வோல்ட் அளவு நின்றுவிடும். 3.5 வோல்ட்டில் அது 11 விழுக்காடு இழப்பு, 2.1 வோல்ட்டில் 19 விழுக்காடு. மாற்றியின் பயனுறுதிறன் 90 விழுக்காடு என்று கொண்டால், இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: சரியான சுமையைக் கண்ட பெருக்கி தன் 53இல் 47ஐத் தக்கவைக்கும், உங்கள் வழி 39ஐத் தரும். ஒன்றுமே செய்யாவிட்டால் 28தான். ஆகவே உங்கள் வழி பாதிக்குச் சற்று மேல் மீட்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாழ்நிலையில் அது மிக நன்று. அங்கே எனக்கு எதிர்ப்பே இல்லை. பட்டைகள் பெருகிவிட்ட இன்றைய கைபேசியில் ஒவ்வொன்றுக்கும் சுமை மாற்றும் சுவிட்ச் வைத்தால், அந்தச் சுவிட்ச்களின் இழப்பே என் ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பதும் உண்மை.

ஆனால் 2ஜி துடிப்பின்போது அந்த மாற்றியைச் சுற்றிக் குறுக்குவழி ஒன்று கட்டாயம் வேண்டும். 1.7 ஆம்பியரை அதன் சுருள் வழியே இழுத்தால், குளிர்ந்த பேட்டரி விழுங்கியது போக மிஞ்சிய வோல்ட்டிலும் ஒரு பங்கு போய்விடும். பணிமனை ஐயாவின் வாடிக்கையாளர் கைபேசி முப்பதில் அணைந்தது. குறுக்குவழி இல்லாமல் கட்டினால் நாற்பதிலேயே அணையும்.

கூடலூர் வாசகர் எழுதியது:

2ஜி இல்லாத நிறுவனத்தின் சிம்தான் என்னிடம் இருக்கிறது. அப்படியானால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

உதகை முன்னாள் வடிவமைப்பாளர் எழுதியது:

2 வாட் துடிப்பு தீர்ந்தது. வேறொன்று வந்திருக்கிறது. 4ஜியையும் 5ஜியையும் ஒரே நேரத்தில் இணைத்து இயங்கும் முறையில், இரண்டு பெருக்கிகள் ஒரே கணத்தில் அனுப்புகின்றன. 4ஜி 1710 முதல் 1785 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால், அதன் இரண்டாம் மடங்கு 3420 முதல் 3570இல் விழும். 5ஜியின் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் அது நேராகப் போய் உட்கார்ந்து, தன் கைபேசியின் செவியையே அடைத்துவிடும். பெருக்கியின் வாயிலில் இரண்டாம் மடங்கைத் தரைக்கு இறக்கும் பொறியை எவ்வளவு ஆழமாக வைப்பது என்பதே இப்போது வடிவமைப்பாளர்களின் பேச்சு. அதைத் தனி இழையாகத் தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பணிமனை எழுதியது:

ஐயா சொன்னபடி புதிய பேட்டரி போட்டுக் கொடுத்தேன். நான்கு நாட்களாக விடியற்காலையில் அவரே கூப்பிட்டுச் சொல்கிறார், அணையவில்லை. மின்தேக்கி நன்றாகவே இருந்தது. பழைய பேட்டரியை எறியாமல் வைத்திருக்கிறேன். துடிப்பின்போது வோல்ட் சரிவதை என் கண்ணால் பார்க்கவேண்டும். என்னிடம் அலைநோக்கி இல்லை.

கீழ்க்கோத்தகிரி மாணவி எழுதியது:

அண்ணா, எங்கள் துறையின் கையடக்க அலைநோக்கியை வார இறுதிக்கு எடுத்துச்செல்ல அனுமதி கேட்டிருக்கிறேன். கடையில் வேண்டாம், அங்கே டவர் அருகில் இருப்பதால் துடிப்பு பெரிதாக வராது. அந்தப் பேட்டரியோடு சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தாத்தாவின் கைபேசிக்கு அந்தப் பேட்டரி பொருந்தாது என்பதால், முனைகளில் கம்பி பற்றவைத்துக் கொண்டுவாருங்கள். கம்பி தடிமனாகவும் ஒரு சாண் நீளத்துக்குள்ளும் இருக்கட்டும். இல்லையென்றால் கம்பியின் தடையையே அளந்துகொண்டிருப்போம். வெள்ளிக்கிழமை இரவு பேட்டரியை வெளியிலேயே வைத்துவிடுங்கள்.